மிதிபலகை

கத்திரி வெயில் தொடங்கியிருந்த ஒரு மதியம் வெண்மதியை அந்த வீட்டுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். சிதம்பரம் கீழவீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் வெகுகாலம் பூட்டிக் கிடந்த பழைய வீடு அது. கதவுக்கு மேலே ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். 'காதுக்கு வேலையில்லை. படுத்து உடம்பால் கேளுங்கள்' என்று அதில் எழுதியிருந்தது.

வாசலில் செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்த கொளஞ்சியம்மாள் எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"செருப்ப இங்க உடுங்க. உள்ள போயி படுத்துக்கணுமாம். படுத்துக்கிட்டுக் கேக்குற கச்சேரிய நான் இப்பதான் பாக்குறேன்."

"நீங்க படுத்துப் பாத்தீங்களா?"

"நானா? என்னைப் படுக்க வெச்சா அப்பறம் எழுப்பி உடறதுக்குத் தனியா ஆள் போடணும்."

நான் சிரித்தேன். வெண்மதி அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்திருக்கும். ஆனாலும் சிரிக்கவில்லை.

வெண்மதி என் தம்பி எழிலனின் மனைவி. பிறவியிலேயே காது கேளாதவள். கடலூர்ப் பக்கத்தைப் புரட்டிப் போட்ட 'தானே' புயல் எழிலனைக் கொண்டுபோன பிறகு அவளைச் சிதம்பரத்தில் என் வீட்டில் வைத்திருந்தேன். அவளுக்குக் குரல் உண்டு. கரடுமுரடான, ஏற்ற இறக்கம் இல்லாத குரல். அந்தக் குரலில் என்னை அண்ணி என்று கூப்பிடுவாள். தம்பியைப் புதைத்த நாளிலிருந்து அதுவும் நின்றுவிட்டது. அழவும் இல்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தாள். அந்தக் கல் தரையைத் தொடும் சத்தத்துக்காக நான் மாதக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தேன்.

எழிலன் குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் அவனுடைய மைக் செட்தான். அவன் பெண் பார்த்துவிட்டு வந்த அன்று கூட்டாளிகள் விடவில்லை. "குடுத்து வெச்சவன்டா நீ. எவ்ளோ சத்தமா வெச்சாலும் கொறைன்னு சொல்ல மாட்டா" என்றார்கள். அவன் கோபப்படவில்லை. கல்யாணமான பிறகு, பெரிய ஸ்பீக்கர் பெட்டியின் மேல் அவளைத் தூக்கி உட்கார வைத்துப் பாட்டுப் போடுவான். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். இரவில் தன் நெஞ்சின்மேல் அவள் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அன்றைய கதை முழுவதையும் பேசுவான். யார் அட்வான்ஸ் தரவில்லை, எந்த ஊரில் ஒயர் திருடினார்கள், எல்லாம். இருட்டில் உதடு தெரியாததால் அவளுக்கு வார்த்தை ஒன்றும் தெரியாது. ஆனால் அவன் சிரிப்பது தெரியும், சலித்துக்கொள்வது தெரியும், பொய் சொல்வதும் தெரியும்.

இரவு வேலை முடிந்து வீடு திரும்பினால் கதவைத் தட்டிப் பயனில்லை. அதனால் அவன் ஒரு ஏற்பாடு செய்திருந்தான். நிலைப்படிக் கட்டையை அறுத்து, வாசலிலிருந்து கதவுக்கு அடியாக உள்ளே ஒரு நீளப் பலகையைக் கொண்டுபோய், அவள் கட்டில் காலை அதன்மேல் நிறுத்தினான். வெளியே நின்று பலகையை மிதித்தால் உள்ளே கட்டில் குலுங்கும். அவள் எழுந்து திறப்பாள். நாங்கள் அதை மிதிபலகை என்று சொல்வோம்.

சிதம்பரம் வீட்டில் அந்தப் படுத்துக் கேட்கும் தரையை அமைத்திருந்தவள் பிரிசில்லா, கடலூர் முதுநகரைச் சேர்ந்த பெண். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவள். ஆனால் பேச்சு ஊர்ப் பேச்சாகவே இருந்தது.

"உள்ள ஸ்பீக்கர் எதுவும் கெடையாதுக்கா. பலகைக்கு அடியில சின்னச் சின்னதா கருவி ஒட்டியிருக்கேன். அது அதிரும், அவ்ளோதான். காதுக்கு ஒண்ணும் வராது. பிச்சாவரத்துல தண்ணிக்கடியில எடுத்தது, ரயில் தண்டவாளத்துல எடுத்தது, கோயில் மணி அடிக்கிறப்ப சுவத்துல எடுத்தது, எல்லாம் உடம்புக்குள்ள வரும். பயப்படாதீங்க."

கூடத்து ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்திருந்தார்கள். வெளியில் அவ்வளவு வெயில் இருந்தும் உள்ளே கை தெரியாத இருட்டு. தரை முழுக்கப் புதிதாக இழைத்த பலகைகள். பலாமரத்தின் மஞ்சள் வாசனை. நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து படுத்தோம்.

முதலில் குதிகாலில் ஒரு கூச்சம். பிறகு அது முழங்காலுக்கு ஏறி, இடுப்பு எலும்பில் நின்று சுழன்றது. தூரத்தில் வரும் ரயில் முதுகுத்தண்டு வழியாகக் கடந்து போயிற்று. மணியின் அதிர்வு பல்லில் கூசியது. சத்தம் என்று ஒன்றும் இல்லை. என் பெருமூச்சு மட்டும் கேட்டது. ஒருவேளை வெண்மதி வாழ்ந்த உலகம் இதுதானோ என்று நினைத்தேன். இத்தனை வருஷம் அவளை நினைத்துப் பரிதாபப்பட்டிருக்கிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

பக்கத்தில் அவள் அசைவது தெரிந்தது. புரண்டு குப்புறப் படுத்தாள். சுவர் ஓரமாக நகர்ந்து போனாள். ஒரு பலகையில் கன்னத்தை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தாள்.

பிறகு, அந்த இருட்டில், மாதங்களாகக் கேட்காத குரல் கேட்டது.

"அண்ணி. அவரு."

வெளியே வந்ததும் பிரிசில்லாவிடம் கேட்டேன். "ஆம்பள குரல் ஏதாவது வெச்சிருக்கியாம்மா?"

"மனுசக் குரலே வெக்கலக்கா. தண்ணி, இரும்பு, கல்லு, மரம். அவ்ளோதான்."

"இந்தப் பலகையெல்லாம்?"

"வடலூர் மரவாடியில வாங்கினேன். புயல்ல சாஞ்ச பலாமரம் மலை மாதிரி குவிஞ்சி கெடந்துச்சி. எந்த ஊர் மரம்னு யாருக்குத் தெரியும்?"

ஊரில் எழிலன் வீட்டில் சாய்ந்த பலாவையும் வடலூர் மரவாடிக்காரர்கள்தான் வந்து அறுத்து எடுத்துப் போனார்கள். எழிலன் அதன் அடியில்தான் கிடந்தான். இதை நான் பிரிசில்லாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் மறுபடியும் அங்கே போக, நான் கிளம்பும் முன்பே வெண்மதி புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். கண்ணில் ஒரு வெளிச்சம். அதைக் கண்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது. அவன் என் தம்பிதானே. எனக்கு ஏன் ஒன்றும் வரவில்லை?

அந்த வருஷம் நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. அன்றும் நாங்கள் படுத்துக் கொஞ்ச நேரத்தில் அது போனது. முதுகுக்கடியில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நின்றது. தரை செத்த மரமாயிற்று.

"போச்சிக்கா. வாங்க, டீ சாப்பிடலாம்" என்றாள் பிரிசில்லா, வாசல் பக்கமிருந்து.

வெண்மதி எழுந்திருக்கவில்லை. இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்து இழுத்தாள். தன் கன்னத்துக்குப் பக்கத்தில், அதே பலகையில், என் உள்ளங்கையை விரித்து அழுத்தினாள்.

பலகை அதிர்ந்துகொண்டிருந்தது.

தொம். தொம்தொம். நின்றது. மறுபடியும் தொம்.

"பிரிசில்லா, கரண்ட் வந்துடுச்சா?"

"எங்க வந்துச்சி? ஃபேன் நிக்கிது பாருங்க."

அவளும் வந்து குனிந்து கையை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள். டார்ச் வெளிச்சத்தில் அவள் முகம் மாறியிருந்தது. எல்லா ஒயர்களையும் பிடுங்கிவிட்டு வந்து மறுபடியும் வைத்துப் பார்த்தாள். பிறகு தன் கையைச் சேலையில் துடைத்தாள், ஏதோ ஈரம் பட்டது மாதிரி.

"எலியா இருக்கும்" என்றாள் வாசலிலிருந்து கொளஞ்சியம்மாள்.

பிரிசில்லா டார்ச்சைத் தரையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள். அந்த வெளிச்சத்தில் வெண்மதி கையால் என்னிடம் பேசினாள். அவள் கேட்டது எனக்கு நன்றாகப் புரிந்தது. அவர்தான், எனக்குத் தெரியும். ஆனால் என்ன சொல்கிறார்? எனக்கு வார்த்தை தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். கேட்டுச் சொல்லுங்கள்.

உதட்டையும் அசைத்தாள். "கேளுங்க அண்ணி."

நான் குனிந்தேன். காது பலகையைத் தொடும் முன்பே வாசனை வந்துவிட்டது. காய்ந்த மர வாசனை இல்லை. புயலுக்கு மறுநாள் காலையில் ஊர் முழுக்க அடித்ததே, கிழிந்த பச்சை இலைகளின் வாசனை, அது.

காதை வைத்தேன்.

முதலில் காற்று. பெரிய, இடைவிடாத காற்று, மரத்துக்கு உள்ளே. அதற்குள் மிதிக்கும் சத்தம். பிறகு, வெகு ஆழத்தில், என் தம்பி.

"மதி... தொற மதி. நனஞ்சி கோழி மாதிரி நிக்கிறேன்."

அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

புயலுக்கு முந்தின சாயங்காலம் அவன் எங்கே போனான் என்பது ஊருக்கே தெரியும். மார்கழிப் பாட்டுக்காகக் கோயில் மரத்தில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கர்களைப் புயலுக்கு முன் இறக்கி வைக்கப் போனான். காற்று பிடித்துக்கொண்டதும் கோயிலிலேயே ஒதுங்கியிருக்கிறான். விடிகாலையில், வீட்டில் அவள் தனியாக இருப்பாளே என்று ஓடி வந்திருக்கிறான். வீட்டை நெருங்கும்போதே மரம் விழுந்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். வாசல்வரைகூட வந்து சேரவில்லை, ஒரு நொடியில் முடிந்திருக்கும் என்று சொல்லிச் சொல்லித்தான் எங்களை நாங்களே தேற்றிக்கொண்டிருந்தோம்.

"பலகைய மிதிக்கிறேன் பாரு. தெரியலயா? மதி?"

தொம்தொம்தொம்.

சிரிப்பு போயிருந்தது. மூச்சு வாங்கியது. ஓடுகள் பறக்கும் சத்தத்தில் அவன் குரல் மறைந்து மறைந்து வந்தது. எவ்வளவு நேரம் அவன் அப்படி நின்றான் என்று சொல்லத் தெரியவில்லை. நேரம் அந்த மரத்துக்குள் வேறு மாதிரி ஓடியது. அவன் கெஞ்சினான். திட்டினான். திட்டியதற்கு உடனே மன்னிப்புக் கேட்டான், கேட்க முடியாதவளிடம். என் பெயரை ஒரு தடவையாவது சொல்வானா என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அக்கா என்றுகூடக் கூப்பிடவில்லை.

பிறகு அவன் குரல் திடீரென்று மென்மையாயிற்று. குழந்தையிடம் பேசுவது மாதிரி.

"பயந்து கெடக்கியா? பயப்படாத. நான் பின்பக்கமா வந்து ஜன்னல்ல டார்ச் அடிக்கிறேன். வெளிச்சம் தெரியும். ஏந்திரிச்சி வா."

பலா நின்றது பின்பக்கம் போகும் வழியில். மரத்தடியிலிருந்து எடுத்தபோது அவன் கையில் டார்ச் இருந்ததை நாங்கள் பார்த்தோம். ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை.

மரம் முறிவதை நான் காதால் கேட்கவில்லை. என் தாடை எலும்பு கேட்டது.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

தலையைத் தூக்கப் போனேன்.

"மதி... தொற மதி. நனஞ்சி கோழி மாதிரி நிக்கிறேன்."

மறுபடியும் சிரித்துக்கொண்டே ஆரம்பித்திருந்தான்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. வெண்மதி என் இரண்டு கன்னங்களையும் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். கண்கள் என் உதட்டின்மேல். அவளிடம் எதைச் சொல்வது? உன் புருஷன் உன் கதவு வரைக்கும் வந்தான், நீ திறக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

"பாடுறான்" என்றேன். ஒவ்வொரு எழுத்தாக, அவள் படிக்கும்படி. "உன் பேர வெச்சிப் பாடுறான்."

அவள் என் உதட்டையே பார்த்தாள். பிறகு கையை எடுத்து என் கழுத்தில், குரல்வளையின்மேல் வைத்தாள்.

"இன்னொரு தடவ."

"பாடுறான் மதி."

அவள் கை அங்கேயே இருந்தது. என் குரல் நடுங்கியது அவள் விரல்களுக்குத்தான் தெரிந்தது.

"பொய்யி" என்றாள்.

பிறகு மெதுவாகக் கையால் சொன்னாள். அன்று இரவு கரண்ட் இல்லை. சுவர் ஆடியது, ஓடு ஆடியது, கட்டில் ஆடியது. பலகை நிற்காமல் குலுங்கியது. பலகை குலுங்கியதும் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்தாள். யாரும் இல்லை, காற்றுதான். கதவை மறுபடி சாத்துவதற்குள் போதும்போதும் என்றாகிவிட்டது. திரும்பத் திரும்ப அதே மாதிரி ஏமாந்தாள். இனி இதை நம்பக் கூடாது என்று நினைத்தாள். கட்டிலை இழுத்துப் பலகையை விட்டுத் தள்ளிப் போட்டாள். காது மட்டும் போதாதென்று உடம்பையும் செவிடாக்கிக்கொண்டாள். போர்வையைத் தலைவரை மூடிக்கொண்டு, அவர் கோயிலில் பத்திரமாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் கைகள் மடியில் விழுந்தன. அதன் பிறகுதான் அழுதாள். அந்த அழுகையை நான் எழுத முடியாது. தன் சத்தத்தைத் தானே கேட்டிராதவள் அழும் அழுகை. கொளஞ்சியம்மாள் ஓடி வந்து வாசலில் நின்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கல் தரையைத் தொட்டுவிட்டது. இதற்காகவா காத்திருந்தேன்?

அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போவணும்" என்றாள். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை வடலூர் பஸ் ஏறி, அங்கே மாறி, ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பலா நின்ற இடம் வெறும் வெளிச்சமாகக் கண்ணைக் கூச வைத்தது. பூட்டைத் திறந்து உள்ளே போனாள். கட்டிலின் காலைத் தூக்கிப் பலகையின்மேல் நிறுத்தினாள். படுத்துக்கொண்டாள். பிறகு எழுந்து வந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

"நீங்க மிதிக்கக் கூடாது" என்றாள். "தொடவே கூடாது."

கதவை உள்ளே தாழ்போட்டாள்.

நான் வாசலில், பலகையை விட்டுத் தள்ளி நின்றேன். ஒரு இலை அசையவில்லை. எங்கோ ஆடு ஒன்று கத்தியது. பைத்தியக்காரத்தனம், சிதம்பரத்தில் ஒரு தரையில் நடந்தது இங்கே எப்படி நடக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இவளைப் பிறகு எப்படித் தேற்றுவது என்று யோசித்தேன்.

கிழிந்த இலை வாசனை வந்தது.

பலகையின் விளிம்பில் தூசி எழுந்தது.

தொம்.

அதன்மேல் யாரும் இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காய்ந்த மரத்தில் ஒரு இடம் மட்டும் கறுத்தது. தண்ணீர் சொட்டினால் கறுப்பது போல. பிறகு பக்கத்தில் இன்னொரு இடம்.

தொம்தொம்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. ஓடி வரும் காலடி. தாழ்ப்பாள் இழுபட்டது. கதவு சுவரில் மோதித் திறந்தது.

வெண்மதி என்னைப் பார்க்கவில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில், என் தலைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு முகம் இருக்கும் உயரத்தில் பார்த்தாள். இரண்டு கைகளையும் நீட்டினாள். பிறகு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள், நனைந்து வந்தவருக்கு ஒதுங்குவது போல.

என் கைக்குப் பக்கத்தில் குளிர்ச்சியாக ஒன்று கடந்து போயிற்று.

"எழிலா" என்றேன்.

அவன் நிற்கவில்லை.

கதவு சாத்திக்கொண்டது. நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். என் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான், எனக்கு அதில் வேலை இல்லை என்ற நினைப்பு மட்டும் இருந்தது. அவன் செத்த அன்று அழுததைவிட அன்று அதிகம் அழுதேன்.

சாயங்காலம் அவளே கதவைத் திறந்தாள். சாதம் வடித்திருந்தாள். முகம் கழுவி, தலை வாரியிருந்தாள். நான் இங்கேயே இருக்கிறேன் அண்ணி என்று சொன்னபோது அவள் குரல் பழைய மாதிரியே கரடுமுரடாக இருந்தது. வற்புறுத்திப் பார்த்தேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கிளம்பும்போது அவளை அணைத்துக்கொண்டேன். என் உள்ளங்கை அவள் முதுகில் பதிந்தது.

அவள் முதுகு பேசிக்கொண்டிருந்தது.

விலகி அவள் முகத்தைப் பார்த்தேன், கையை எடுக்காமல். உதடுகள் மூடியிருந்தன. அமைதியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கைக்கு அடியில், அவள் விலா எலும்புகளுக்குள், ஒரு ஆணின் கனத்த குரல் அவசரமில்லாமல் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தது. நடுநடுவே சிரித்தது.

காதை வைத்திருந்தால் வார்த்தைகள் கேட்டிருக்கும். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

அவள் தோளில் கிடந்த முந்தானையின் விளிம்பு, காற்றே இல்லாத அந்த மாலையில், விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தது.